ஒரு மாலையா, இரண்டா?

இன்று காலை பல் துலக்கிக்கொண்டே ஃபோனைத் திறந்தேன். 'உங்களுக்குப் பிடிக்கலாம்' என்று சொல்லி அது ஒரு சவப்பெட்டியைக் காட்டியது.

நல்ல பெட்டிதான். தேக்கு நிறம். உள்ளே வெள்ளை சாட்டின், ஓரத்தில் சுருக்கு வைத்துத் தைத்த லேஸ். குட்டித் தலையணைகூட இருந்தது. தலையணை எதற்கு? கழுத்து வலி வந்துவிடும் என்றா?

வாயில் நுரையோடு கண்ணாடி முன் கொஞ்ச நேரம் நின்றேன்.

இந்தப் பத்திரிகையில் என் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். பல்லி தோளில் விழுந்தால் பலன் பார்ப்பதற்கு முன்பே உயில் எழுதுகிற ஆள். கொசு கடித்தால் டெங்கி, தலை சுற்றினால் மூளையில் கட்டி, லிஃப்ட் ஒரு நொடி நின்றால் குலதெய்வம். அப்படிப்பட்டவனுக்கு ஃபோன் பெட்டி காட்டலாமா? காட்டலாம். ஏனென்றால் கேட்டது நான்தான்.

போன மாதம் தொடங்கியது இது. மலாக்காவில், கஜா பேராங்கில் எங்கள் வரிசை வீடுகளின் கேட்டில் எல்லாம் சுதந்திர தினக் கொடி ஏறியிருந்த ஆகஸ்ட் மாதம். எனக்கு மூன்று வாரமாக இருமல். மனைவி இந்திராணி மிளகு ரசம், இஞ்சிச் சாறு, திட்டு என்று மூன்று மருந்தையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கிளினிக்குக்கு விரட்டினாள். தெங்கேராவில் உள்ள கிளினிக். நான் மட்டும் போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவின் முனையால் ஓர் இடத்தைத் தொட்டார். இருபது காசு அளவுக்கு ஒரு நிழல்.

"இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது. ஸ்கேன் எடுத்துப் பாத்திடலாம். பயப்படாதீங்க."

டாக்டர்கள் கடைசி வார்த்தையை மட்டும் சொல்லாமல் இருந்தால் எத்தனை பேர் நிம்மதியாக வீடு போய்ச் சேர்வார்கள்?

ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு தெரியப் பதினைந்து நாளுக்கு மேல் ஆகும் என்றார்கள். இந்திராணியிடம் என்ன சொன்னேன்? "சளிதான். மருந்து குடுத்திருக்காங்க." ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வாய் திறந்து சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு எண்ணம். ஐம்பத்து மூன்று வயது ஆளின் விஞ்ஞான அறிவு அவ்வளவுதான்.

இங்கே என் இன்னொரு தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரநாளில் நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. சனி, ஞாயிறில் அலங்காரக்காரன். பேர் வைக்கும் விழா, பூப்புனித நீராட்டு, நிச்சயதார்த்தம்... எல்லாவற்றுக்கும் மேடைக்குப் பின்னால் நிற்கும் தட்டி நான் செய்வது. போலிஸ்டிரின் நுரை அட்டை வெட்டுவேன், கம்பி வளைப்பேன், பூ செருகுவேன். எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் கார் நிறுத்தி வருஷமாகிறது, இந்தச் சாமான்கள்தான் நிற்கின்றன.

எக்ஸ்ரே பார்த்து வந்த மறுநாள், ஆபீஸ் கேன்டீனில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த எண்ணம் வந்தது. ஊருக்கெல்லாம் ஜோடிக்கிறோம். நாம் போய்விட்டால் நமக்கு யார் ஜோடிப்பார்கள்?

சொந்தக்காரர்கள்தான். என் ஸ்டோர் ரூமைத் திறப்பார்கள். கையில் கிடைத்ததை மாட்டுவார்கள். அங்கே என்ன இருக்கிறது? ரோஸ் நிற பலூன், பிறந்தநாளுக்கு மாட்டுகிற 'இருபத்தொன்று' என்ற தங்க நிற எண்கள், தொட்டிலில் கட்டுகிற பட்டாம்பூச்சி. போன வருஷம் தெரிந்தவர் ஒருவர் தவறிப் போனார். படத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக ஓடி ஓடி எரிகிற லைட் மாட்டியிருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அழுவதா, லைட்டைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. என் சாவில் லைட் ஓடக் கூடாது. அந்த ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருந்தேன்.

தேட ஆரம்பித்தேன்.

கைவேலை செய்கிறவர்களுக்கு இந்தப் படம் காட்டும் ஆப்கள் ஒரு புதையல். பிடித்ததை எல்லாம் சேர்த்து வைக்க ஒரு போர்ட் கொடுப்பான். பள்ளிக்கூடத்தில் வெட்டி ஒட்டிய ஸ்கிராப் புக் மாதிரி. கத்தரியும் வேண்டாம், பசையும் வேண்டாம். தமிழில் தேடினேன் – கண்ணில் நீரோடு சினிமா நடிகர்களாக வந்தார்கள். மலாயில் தேடினேன் – சவ வேன் வாடகை விளம்பரம் வந்தது. ஆங்கிலத்தில் தேடினேன். அப்பப்பா... எவ்வளவு அழகாகச் சாகிறார்கள்.

முதலில் சேர்த்தது சவம் ஏற்றுகிற ஒரு கறுப்புக் காடி, நீளக் கார், கூரை முழுக்க வெள்ளைப் பூ. அடுத்தது ஒரு பெட்டி, பித்தளைக் கைப்பிடியோடு. அதற்கு மேல் அந்த மாதிரிப் படம் பார்க்கத் தைரியம் போய்விட்டது. அதனால் பூவுக்குத் தாவிவிட்டேன். வெள்ளை ரோஜா வளையம். மல்லிகைத் திரை. ஆள் உயர வட்டக் கம்பியில் பூ சுற்றி, நடுவில் படம், படத்துக்கு ஒரே ஒரு மாலை. இதுதான். இந்த வட்டம்தான் எனக்கு.

அதற்கான கம்பிகூட ஸ்டோரில் இருந்தது. போன வருஷம் ஆபீஸில் சுதந்திர மாதத்துக்குச் செய்த வட்ட வளைவு. கொடித் துணியை அவிழ்த்துவிட்டால் போதும்.

ஆபீஸ் மதிய இடைவேளையில் சேர்த்தேன். பாத்ரூமில் உட்கார்ந்து சேர்த்தேன். நாற்பது படம் ஆனது. சொன்னால் சிரிப்பீர்கள். பயம் கொஞ்சம் குறைந்தது. கையில் வேலை இருந்தால் மனது அடங்குகிறது. அது சொந்தச் சாவு வேலையாக இருந்தாலும்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. அந்த ஆப் என்னுடையது இல்லை.

இந்திராணி பிளவுஸ் தைக்கிறவள். முதுகு டிசைன், கை டிசைன் பார்ப்பதற்கு அந்த ஆப்பை அவள்தான் முதலில் பிடித்தாள். மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். போன தீபாவளிக்கு வந்தபோது எங்கள் இருவர் ஃபோனிலும் ஒரே கணக்கைப் போட்டுவிட்டுப் போனாள். "ஒரே பாஸ்வேர்ட்பா. மறக்க மாட்டீங்க." மறக்கவில்லை. யோசிக்கத்தான் மறந்துவிட்டேன்.

ஒரு நாள் சாயந்திரம் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றுகிறேன். தையல் மெஷின் நின்றது.

"என்னங்க. எனக்குத் தெரியாமலே ஏற்பாடு நடக்குது போல."

என் ஒரு கால் செருப்பில், ஒரு கால் வெளியே.

"என்ன ஏற்பாடு?"

"நடிக்காதீங்க. என் ஃபோன்ல எல்லாம் வந்திருச்சி. வெள்ளைப் பூவு, திரை, வட்டமா பெருசா ஒண்ணு." அவள் முகத்தைப் பார்த்தேன். வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். "கல்யாணமாகி இருபத்தஞ்சாவது வருஷம்னு உங்களுக்கு ஞாபகம் இருக்காதுன்னுதான் நெனச்சேன்."

இருக்கவில்லை. சத்தியமாக இருக்கவில்லை.

போர்டைத் திறந்தால் கடைசியாகச் சேர்த்தது மேலே வரும். அவள் பார்த்தது மேலே இருந்த பத்துப் பன்னிரண்டு படம்தான். பூ, பூ, பூ. யோசித்துப் பாருங்கள். கல்யாண மேடைக்கும் கடைசி மேடைக்கும் படத்தில் என்ன வித்தியாசம்? வெள்ளை ரோஜாவுக்குத் தான் எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று தெரியுமா? எந்த ஊரிலோ யாரோ யாருக்கோ அழுதுகொண்டே செருகிய பூவைப் பார்த்து, நாம் 'சூப்பர்' என்று சேர்த்து வைத்துக்கொள்கிறோம். படம் வருகிறது. காரணம் வருவதில்லை.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்கே தெரியும்.

நான் சொன்னது: "சர்ப்ரைஸா இருக்கட்டும்னு பாத்தேன்."

அவ்வளவுதான். புக்கிட் காதிலில் இருக்கும் அவள் அக்காவுக்கு அன்றே ஃபோன் போயிற்று. சனிக்கிழமை சாயந்திரம், வீட்டிலேயே, முப்பது பேர். மயில்கழுத்துப் பச்சையில் ஒரு புடவை எடுத்தாள். அதற்குப் பிளவுஸ் தைக்க உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் இரண்டு நாளில் தைத்துக் கொடுப்பவள், தனக்கு ஒரு வாரம் தைத்தாள். முதுகில் ஒரு கொடி வேலைப்பாடு. நான் எதிரில் உட்கார்ந்து, என் சாவுக்கு எடுத்து வைத்த கம்பிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, இவ்ளோ அமைதியா வேல பாக்கிறீங்க? ஒடம்புக்கு என்ன?" என்றாள் ஒரு நாள்.

"காதல்" என்றேன்.

சிரித்தாள். எனக்கு இருமல் வந்தது.

சனிக்கிழமை காலை ஜாலான் துக்காங் எமாஸுக்குப் போனேன், பிள்ளையார் கோயில் பக்கம். அங்கே பூக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு நான் பழைய வாடிக்கை. உதிரிப்பூவை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"மாலை ஒண்ணா தம்பி, ரெண்டா?"

ஆப்பில் சேர்த்து வைத்த படத்தில் ஒன்றுதான் இருந்தது. நானும் படத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு போதும்க்கா."

அவர் கை ஒரு நொடி நின்றது. "வெள்ளை கூடுதலா வச்சிக் கட்டவா?"

"ஆமாக்கா."

கட்டினார். வழக்கமாக ஊர்க்கதை முழுக்கப் பேசுகிறவர், வாயைத் திறக்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு, "வரேன்க்கா" என்றேன். எப்போதும் "வாங்க தம்பி, வாங்க" என்று வழியனுப்புகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாவு வீட்டுக்குப் பூ வாங்கிப் போகிறவனை யாராவது 'வாங்க' என்பார்களா? எனக்கு அப்போது உறைக்கவில்லை. சில்லறை சரியாக இல்லாததால் கோபம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பூவைச் செருகி முடித்தேன். பொய் சொல்லக் கூடாது... இருபது வருஷத்தில் நான் செய்ததிலேயே அதுதான் அழகு. வெள்ளை வட்டம் போர்ச் முழுக்க நின்றது. நடுவில் எங்கள் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினேன். படத்தின் மேல் மாலையைப் போட்டேன். இரண்டடி பின்னால் வந்து பார்த்தேன். ஆப்பில் பார்த்தது அச்சாக வந்திருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. என்னுடையது இல்லை. பக்கத்து வீட்டு கிருஷ்ணன். என் வயதுதான். மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன் வந்த தமிழ் வம்சம். பேர் கிருஷ்ணன், நெற்றியில் திருநீறு, பேசுவது மலாய். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான்.

"பாங்," என்றான் மெதுவாக, அண்ணே என்று. "சியாப்பா மாத்தி?"

யார் செத்தது?

நான் பதில் சொல்வதற்குள் அவன் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டான். புருஷன் பெண்டாட்டி இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும் படம். அவன் கண் என்னிடம் வந்தது, படத்துக்குப் போனது.

"டுவா-டுவா?"

இரண்டு பேருமா?

உள்ளே இருந்து இந்திராணியின் சிரிப்பு கேட்டது. ஈரத் தலையில் துண்டோடு வாசலுக்கு வந்தாள். "என்னா கிருஷ்ணன், இது கல்யாண நாளு. ஹரி கஹ்வின்." அவன் நூறு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே ஓடினான். அவள் இன்னும் சிரித்துக்கொண்டே வட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றதைப் பார்த்தேன்.

"என்னங்க. உயிரோட இருக்கிறவங்க படத்துக்கு யாராச்சும் மாலை போடுவாங்களா?"

"டிசைன் அப்படி..."

"மாலை மாத்த வேணாமா நாம? இன்னொரு மாலை எங்க?"

"ஒண்ணுதான் வாங்குனேன்."

அவள் உள்ளே போய் ஃபோனை எடுத்து வந்தாள். போர்டைத் திறந்தாள். கட்டை விரலால் மேலே தள்ளினாள், தள்ளினாள், தள்ளினாள். நாற்பது படம் ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு இருபத்தைந்து வருஷம் ஆனது.

அடியில் வந்து நின்றது. கறுப்புக் காடி.

"இந்தக் காடில யாரு உக்காந்து வரது?"

என் வாய் இருக்கிறதே, அதற்கு இடம் பொருள் தெரியாது. "உக்கார முடியாது. படுத்துதான் வரணும்" என்றது.

அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு என்னாலும் முடியவில்லை. போர்ச் தரையில், உதிர்ந்த பூவின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரே, இருபது காசு, ஸ்கேன், புதன்கிழமை முடிவு. சொல்லும்போது என் குரலைக் கேட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கொண்டவன் குரல்.

"எத்தன நாளா?"

"பதினேழு."

"பதினேழு நாளா." அவள் ஃபோனை அணைத்தாள். "நான் பிளவுஸ் தச்சிக்கிட்டு இருந்தேன். முதுகுல கொடி போடவா, பூ போடவான்னு உங்ககிட்ட கேட்டேன். நீங்க கொடின்னு சொன்னீங்க."

"ஆமா."

"எப்படிங்க சொன்னீங்க?"

இதற்கு என்னிடம் ஜோக் இல்லை. இன்று வரை இல்லை.

சாயந்திரம் முப்பது பேர் வருகிறார்கள். எல்லாருக்கும் ஃபோன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து உள்ளே போனாள். மெஷின் டிராயரைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஊசியும் நூலுமாக வந்தாள். நான் தரையில் இருக்க, அவள் ஸ்டூலைப் போட்டு வட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் காலையிலிருந்து செருகிய பூவை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே?"

"எனக்கு மாலை வேணும்ல?"

பிடுங்கினாள். கோத்தாள். பிடுங்கினாள். கோத்தாள். நடுநடுவே முன்கையால் கண்ணைத் துடைத்தாள். கையில் ஊசி இருந்ததால் விரலால் துடைக்க முடியவில்லை. நான் எழுந்து, அவள் கைக்கு எட்டாத உச்சிப் பூக்களைப் பிடுங்கிக் கொடுத்தேன். என்னுடைய ஆகச் சிறந்த வேலையை நானே மொட்டை அடித்தேன். மத்தியானத்துக்குள் வட்டத்தில் கம்பிதான் மிச்சம். அங்கங்கே நாலு பூ.

கடைசியில் படத்து மேல் கிடந்த மாலையை அவள் எடுத்தாள். உதறி, பிரிந்த இடத்தில் ஒரு தையல் போட்டாள்.

"ஆளு இங்க நிக்கும்போது படத்துக்கு எதுக்கு."

சாயந்திரம் மாலை மாற்றிக்கொண்டோம். அவள் கோத்த மாலைக்குப் பூ பற்றவில்லை. அவள் கழுத்தில் அது நெஞ்சோடு நின்றுவிட்டது. என்னுடையது, படத்து மேல் கிடந்த மாலை, முழங்கால் வரை தொங்கியது. மயில்கழுத்துப் பச்சையில் அவள் நின்றதைப் பார்த்து அவள் அக்கா கண் கலங்கினார். கிருஷ்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து, காலையில் நடந்ததற்குச் சேர்த்து எல்லாரையும்விட அதிகமாகக் கை தட்டினான். இந்திராணி எல்லாரோடும் பேசினாள், சிரித்தாள், யாரையும் சாப்பிடாமல் விடவில்லை. என்னோடு மட்டும் பேசவில்லை. ஆனால் போட்டோ எடுக்கும்போது என் சட்டையின் பின்பக்கத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடவே இல்லை.

சொந்தத்தில் ஒரு பெண், அடுத்த வருஷம் கல்யாணம், மொட்டை வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள்.

"அங்கிள், இது புது ஸ்டைலா? சிம்பிளா, செமையா இருக்கு. போர்டுல போட்டுக்கிறேன்."

போட்டுக்கொள் அம்மா. நாளைக்கு யாராவது அதைப் பார்த்து, கம்பியில் நாலு பூ மட்டும் செருகி, இதுதான் இப்போது டிரெண்ட் என்பார்கள். படம் போகும். காரணம் போகாது.

புதன்கிழமை இருவருமாகப் போனோம். நிழல் அங்கேயே இருந்தது. என்னவென்று தெரிய, ஊசி விட்டுக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். டாக்டர் என்னிடம் சொன்னார், இந்திராணிதான் கேட்டாள். எவ்வளவு நேரம் ஆகும், முந்தின ராத்திரி சாப்பிடலாமா, அன்றே வீட்டுக்கு விடுவீர்களா என்று எல்லாவற்றையும் பிளவுஸ் அளவு எழுதும் நோட்டில் எழுதிக்கொண்டாள். யாரோ ஒருத்தியின் கை அளவுக்குக் கீழே என் நுரையீரல் இருக்கிறது.

அந்த ஊசி இன்றைக்கு.

போர்டைப் போன வாரமே அழித்துவிட்டேன். நான் அழித்தேன், ஃபோன் மறக்கவில்லை. ஒருமுறை சாவைத் தேடியவனை அது இலேசில் விடுவதில்லை. பிளவுஸ் டிசைனுக்கு நடுவே இந்திராணிக்கும் அவ்வப்போது ஒரு பெட்டி வருகிறதாம். தையல் மோசம் என்கிறாள்.

ஆகவே இன்று காலை, நுரையைத் துப்பிவிட்டு, அந்தத் தேக்குப் பெட்டியின் ஓரத்தில் இருந்த மூன்று புள்ளியை அழுத்தினேன். ஏன் வேண்டாம் என்று கேட்டது. பதிலையும் அதுவே வரிசையாகக் கொடுத்தது. பிடிக்கவில்லை. எனக்குப் பொருந்தாது. ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இப்போதைக்கு வேண்டாம்.

கேட்டின் பூட்டைத் திறந்துவிட்டு இந்திராணி வாசலில் நிற்கிறாள். கையில் அந்த நோட்டு. "எதையாச்சும் அமுக்கிட்டு வாங்க, நேரமாச்சி."

உள்ளதில் உண்மையானதைப் பார்த்து அழுத்தினேன் – இப்போதைக்கு வேண்டாம்.